ஃபெராரி: மவுசுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு



கார் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் "உனக்குத் தெரிஞ்ச ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பேரு சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஃபெராரி என்றுதான் பதில் வரும். அவர் ஒரு ஃபெராரியை நேரில் பார்த்தே இருக்க மாட்டார். ஆனால் சிவப்பு நிறம், மஞ்சள் பின்னணியில் கறுப்புக் குதிரை, காதைக் கிழிக்கும் சத்தம் எல்லாம் அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் 2024-ல் உலகம் முழுக்க ஃபெராரி விற்றது 13,752 கார்கள்தான். ஒரு நாளைக்குச் சராசரியா 38 கார். சரி, பந்தயத்திலாவது ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்களா? ஃபார்முலா 1-ல் ஃபெராரியின் கடைசி டிரைவர் பட்டம் 2007-ல் கிமி ராய்க்கோனன் வாங்கியது. அணிகளுக்கான பட்டம் கடைசியாக வந்தது 2008-ல். அதன் பிறகு ரெட் புல்லும் மெர்சிடஸும் பட்டங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டன. ஆனாலும் மவுசு குறையவே இல்லை.

ஏன்? "எல்லாம் பிராண்டிங் மச்சி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நாம் இன்ஜினியரிங் படிக்கிறவர்கள். ஒரு விளைவு இருந்தால் காரணம் இருக்கும், காரணத்தைப் பிரித்துப் பார்க்கவும் முடியும். இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப் போகிறோம். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு. கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டீம், பிறகுதான் கம்பெனி

மற்ற கார் கம்பெனிகளின் கதை பொதுவாக இப்படித்தான் போகும்: முதலில் கார் செய்தார்கள், விற்றார்கள், பெயர் வாங்கப் பந்தயத்தில் இறங்கினார்கள். ஃபெராரியின் கதை தலைகீழ்.

என்ஸோ ஃபெராரி 1898-ல் இத்தாலியின் மொடேனா நகரில் பிறந்தார். இளவயதில் ஆல்ஃபா ரோமியோவுக்காகக் கார் ஓட்டினார். 1929-ல் மொடேனாவில் ஸ்குதேரியா ஃபெராரி என்ற பந்தய அணியைத் தொடங்கினார். ஸ்குதேரியா என்றால் குதிரை லாயம். அப்போது அவரிடம் சொந்தக் கார் கிடையாது. ஆல்ஃபா ரோமியோ கார்களைத்தான் அந்த அணி ஓட்டியது. ஃபெராரி என்ற பெயரில் கார் வந்தது 1947-ல். அதாவது கம்பெனியின் முதல் காரை விட டீமுக்கு 18 வயது அதிகம்!

அந்தக் குதிரைச் சின்னமும் கார் உலகத்திலிருந்து வந்ததில்லை. முதல் உலகப்போரில் இத்தாலியின் புகழ்பெற்ற போர் விமானி ஃபிரான்செஸ்கோ பராக்கா, தன் விமானத்தில் வரைந்திருந்த குதிரை அது. 1918-ல் அவர் போரில் இறந்தார். 1923-ல் ரவென்னா பக்கத்தில் ஒரு பந்தயத்தில் என்ஸோ ஜெயித்தபோது பராக்காவின் பெற்றோருடன் பழக்கம் ஏற்பட்டது. மகனின் குதிரையை உங்கள் காரில் போட்டுக்கொள்ளுங்கள், அதிர்ஷ்டம் வரும் என்று அவருடைய தாயார் சொன்னாராம். பின்னணியில் உள்ள மஞ்சள், மொடேனா நகரத்தின் நிறம்.

1939-ல் ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகியபோது, 4 வருடத்துக்குத் தன் சொந்தப் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை. அதற்குள் போர். 1943-ல் பட்டறை மொடேனாவிலிருந்து பக்கத்தில் உள்ள மரனெல்லோவுக்கு மாறியது. 1944-ல் அங்கேயும் குண்டு விழுந்தது. போர் முடிந்து நாடே சாப்பாட்டுக்குத் திண்டாடிய நேரத்தில், இந்த மனிதர் 12 சிலிண்டர் பந்தய என்ஜின் செய்ய உட்கார்ந்தார்.

ஏன் 12 சிலிண்டர்?

இங்கேதான் நம் பாடம் ஆரம்பம். முதல் ஃபெராரியின் பெயர் 125 எஸ். என்ஜினை வடிவமைத்தவர் ஜோக்கினோ கொலம்போ. மொத்தக் கொள்ளளவு சுமார் 1500 சிசி. அப்புறம் ஏன் 125? ஒரு சிலிண்டரின் அளவு 125 சிசி. நம்ம ஊர் ரோட்டில் ஓடும் 125 சிசி பைக்கின் சிலிண்டர் அளவுதான். அப்படிப் பன்னிரண்டை வி வடிவத்தில் அடுக்கினால் முதல் ஃபெராரி என்ஜின்.

கணக்குப் போடுங்கள். போர் 55 மி.மீ., ஸ்ட்ரோக் 52.5 மி.மீ. பையை நான்கால் வகுத்து, போரின் வர்க்கத்தாலும் ஸ்ட்ரோக்காலும் பெருக்கினால் (எல்லாம் செ.மீ.-ல்) 124.7 சிசி. பன்னிரண்டால் பெருக்கினால் 1497 சிசி.

அதே 1500 சிசி-யை 4 சிலிண்டரில் வைத்தால் செலவு குறைவு, வேலையும் சுலபம். 12 எதற்கு? பவர் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. கொள்ளளவை அதிகரிக்க முடியாவிட்டால் வேகமாகச் சுற்றவிட வேண்டும். வேகமாகச் சுற்றினால் பிஸ்டன் தாங்க வேண்டும். பிஸ்டனின் சராசரி வேகம் = 2 × ஸ்ட்ரோக் × ஆர்பிஎம் ÷ 60. 125 எஸ் தன் உச்சபட்ச 118 குதிரைத்திறனைத் தந்தது 6800 ஆர்பிஎம்-ல். அப்போது பிஸ்டன் வேகம் நொடிக்கு 11.9 மீட்டர். ஸ்ட்ரோக் 100 மி.மீ. உள்ள என்ஜினாக இருந்தால், இதே பிஸ்டன் வேகத்தில் 3570 ஆர்பிஎம்-தான் சுற்ற முடியும். சின்னச் சின்ன பிஸ்டன்கள், குட்டை ஸ்ட்ரோக், அதிக ஆர்பிஎம். இதுதான் கொலம்போவின் யோசனை.

இன்னொரு நன்மை சமநிலை. ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்தால் பிஸ்டன்கள் மேலும் கீழும் போகும்போது எழும் முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். வி12 என்பது இரண்டு ஆறு சிலிண்டர் வரிசைகள் ஒரே கிராங்கில். நான்கு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் 720 டிகிரி சுற்ற வேண்டும். 720-ஐப் 12-ஆல் வகுத்தால் 60. அதனால் இரு வரிசைகளுக்கு இடையே 60 டிகிரி கோணம் வைத்தார்கள். சரியாக ஒவ்வொரு 60 டிகிரிக்கும் ஒரு வெடிப்பு.

இந்த என்ஜினில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே கொலம்போ விட்ட தூரம் 90 மி.மீ. போர் 55 மி.மீ. தான். நடுவில் 35 மி.மீ. சும்மா கிடந்தது. வீண் என்று தோன்றும். ஆனால் அந்த இடம் இருந்ததால் போரை வருடத்துக்கு வருடம் பெரிதாக்க முடிந்தது. 1950-களில் வந்த 250 வரிசையில் போர் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 58.8 மி.மீ., மொத்தம் 2953 சிசி. கடைசியாக வந்த 412 என்ற காரில் போர் 82 மி.மீ., ஸ்ட்ரோக் 78 மி.மீ., மொத்தம் 4943 சிசி.  அந்தக் கார் 1989 வரை விற்றது. 1497 சிசி-யில் பிறந்த ஒரு வடிவம் 40 வருடத்துக்கு மேல், மூன்று மடங்குக்கு மேல் வளர்ந்தது. டிசைன் கிளாஸில் "மார்ஜின் விடு" என்று சொல்கிறார்களே, அதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

1947 மே 11 அன்று பியாசென்சா நகரில் 125 எஸ் முதல் பந்தயத்துக்குப் போனது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது எரிபொருள் பம்ப் கோளாறாகி நின்றுவிட்டது. இரண்டே வாரத்தில் ரோம் நகரில் அதே கார் ஜெயித்தது. பழுது, திருத்தம், வெற்றி. பந்தயத்துக்கு வந்த மாதத்திலேயே கதைக்கு ஒரு வடிவம் கிடைத்துவிட்டது.

அந்தச் சத்தம்

ஃபெராரி ரசிகர்கள் என்ஜின் சத்தத்தைச் சங்கீதம் என்பார்கள். மிகைப்படுத்தல் மாதிரி தெரியும், ஆனால் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே நொடிக்கு எத்தனை வெடிப்பு என்றால், ஆர்பிஎம் ÷ 60 × சிலிண்டர் எண்ணிக்கை ÷ 2. ஒற்றைச் சிலிண்டர் புல்லட் 1000 ஆர்பிஎம்-ல் நிற்கும்போது நொடிக்கு 8 வெடிப்பு. அதனால்தான் "டுப் டுப்" என்று தனித்தனியாகக் கேட்கிறது. 3 சிலிண்டர் சின்னக் கார் 5000 ஆர்பிஎம்-ல் 125 ஹெர்ட்ஸ். ஒரு உறுமல், அவ்வளவுதான். 2024-ல் வந்த டோடிசி சிலிந்திரி என்ற ஃபெராரியில் 12 சிலிண்டர், உச்ச வேகம் 9500 ஆர்பிஎம். கணக்குப் போட்டால் 950 ஹெர்ட்ஸ். தனித்தனி வெடிப்பாக நம் காதுக்குப் பிரிக்கவே முடியாது. வெடிப்புகள் சம இடைவெளியில் வருவதால் ஒரே சுருதியாக, பாட்டுக்காரர் உச்சஸ்தாயியைப் பிடித்த மாதிரி கேட்கும்.

வி8 ஃபெராரிகளின் சத்தம் வேறு மாதிரி இருக்கக் காரணம் அவற்றின் கிராங்க். பெரும்பாலான அமெரிக்க வி8-களில் கிராங்க்பின்கள் 90 டிகிரிக்கு ஒன்றாக, குறுக்கு வடிவில் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் வெடிப்பு ஒழுங்கற்ற இடைவெளியில் வரும். அந்தக் "குடுகுடு" சத்தம் அதனால்தான். ஃபெராரி வி8-ல் கிராங்க்பின்கள் ஒரே தளத்தில், 180 டிகிரியில். ஒவ்வொரு பக்கமும் ஒரு 4 சிலிண்டர் என்ஜின் போலச் சம இடைவெளியில் வெடிக்கும். எதிர்ப்பளு குறைவதால் கிராங்கும் லேசாகிறது, வேகமாக ஆர்பிஎம் ஏறுகிறது. விலையாகக் கொஞ்சம் அதிர்வைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கவனித்தீர்களா? சத்தம் யாரும் தனியாகச் சேர்த்த அலங்காரம் கிடையாது. பந்தயத்தில் ஜெயிக்க எடுத்த முடிவின் பக்கவிளைவு. மவுசின் முதல் இரகசியம் இதுதான்: எது அழகு என்று நாம் நினைக்கிறோமோ, அது முதலில் ஒரு தேவையாக இருந்தது.

விற்றது எதற்காக?

என்ஸோவுக்குப் பந்தயம்தான் தொழில். ரோட்டில் ஓடும் கார்கள் அதற்குக் காசு சம்பாதிக்கும் வழி. வாடிக்கையாளர்களிடம் பணம் வாங்கிப் பந்தய அணியை நடத்தினார்.

1949-ல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி முதல்முறை ஜெயித்தது. 24 மணி நேரத்தில் 22 மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆள், லூயிஜி கினெட்டி, ஓட்டினார். இதே கினெட்டிதான் அமெரிக்காவில் ஃபெராரி இறக்குமதி செய்து விற்றவர். விற்கிறவரே ஜெயித்தவர்! இதை விட வேறு விளம்பரம் வேண்டுமா? 1951-ல் சில்வர்ஸ்டோனில் ஹொசே ஃபிரோய்லான் கோன்ஸாலஸ் ஃபார்முலா 1-ல் ஃபெராரிக்கு முதல் வெற்றியைத் தந்தார். தோற்றது யார்? என்ஸோவின் பழைய வீடான ஆல்ஃபா ரோமியோ.

1963-ல் ஃபோர்டு கம்பெனி ஃபெராரியை வாங்க வந்தது. பேச்சு கிட்டத்தட்ட முடியும் நிலை. பந்தயச் செலவுக்கு ஃபோர்டிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஷரத்தைப் பார்த்ததும் என்ஸோ எழுந்து போய்விட்டார். கோபத்தில் ஃபோர்டு ஜிடி40 காரைச் செய்து, 1966 முதல் 1969 வரை லு மானில் தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தது. அதுவரை 1960 முதல் 1965 வரை தொடர்ச்சியாக ஆறு முறை ஜெயித்தது ஃபெராரி.

ஆனால் 1969-ல் அதே என்ஸோ கம்பெனியின் பாதியை ஃபியட்டுக்கு விற்றார். அப்போது மட்டும் எப்படிச் சம்மதித்தார்? பந்தய அணி தன் கட்டுப்பாட்டில் இருக்கும் என்ற உறுதி கிடைத்தது. இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலையை விற்கலாம், பந்தயத்தை விற்க முடியாது. எதை விட்டுக்கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை.

பிடிவாதம் வாங்கிய விலை

இதுவரை படித்தால் என்ஸோ ஒரு ஹீரோ மாதிரி தெரிவார். கொஞ்சம் நிறுத்துவோம். அதே பிடிவாதம் எங்கெல்லாம் இடித்தது என்றும் பார்க்க வேண்டும்.

ஜாகுவார் கம்பெனி டிஸ்க் பிரேக்கோடு லு மானில் ஜெயித்தது 1953-ல். ஃபெராரி 1950-களின் கடைசி வரை டிரம் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கூப்பர் அணி என்ஜினை டிரைவருக்குப் பின்னால் வைத்து 1959, 1960 இரண்டு வருடமும் ஃபார்முலா 1 பட்டம் வாங்கியது. குதிரை வண்டிக்கு முன்னால்தான் இருக்க வேண்டும் என்பது மாதிரி என்ஸோ மறுத்துக்கொண்டே இருந்தார். 1961-ல்தான் என்ஜின் பின்னால் போனது, உடனே ஃபில் ஹில் சாம்பியன் ஆனார்.

இதெல்லாம் தொழில்நுட்பத் தாமதம். உயிர்கள் போனது வேறு கணக்கு. 1957 மே 12, மில்லே மில்யா. பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடும் பந்தயம். குயிதிஸ்ஸோலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஃபெராரியின் டயர் வெடித்தது. டிரைவர் அல்போன்சோ டி போர்த்தாகோ, கூட இருந்த எட்மண்ட் நெல்சன், சாலையோரம் வேடிக்கை பார்த்த 9 பேர் இறந்தார்கள். அந்த 9 பேரில் 5 பேர் குழந்தைகள். மில்லே மில்யா அதோடு பந்தயமாக நடப்பது நின்றது. என்ஸோ மீது வழக்குப் போட்டார்கள். 1961-ல்தான் விடுதலை ஆனார். 1958-ல் லூயிஜி முஸ்ஸோ, பீட்டர் காலின்ஸ் என்று அணியின் இரண்டு டிரைவர்கள் ஒரே கோடைக்காலத்தில் போனார்கள். ஃபில் ஹில் பட்டம் வாங்கிய அதே 1961 மொன்ஸா பந்தயத்தில், அதே அணியின் வொல்ஃப்காங் ஃபான் டிரிப்ஸும் பத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் எல்லா அணிகளிலும் சாவு இருந்தது என்பது உண்மை. ஆனால் ஆபத்தே ஒரு கவர்ச்சியாக மாறி, அது இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் உண்மை. மவுசைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பேசக் கூடாது. சாலையோரம் நின்ற ஐந்து குழந்தைகள் எந்தப் பந்தயத்திலும் சேரவில்லை. பாதுகாப்பு என்பது கடைசி அத்தியாயம் என்று நினைக்கிற ஒவ்வொரு இன்ஜினியருக்கும் குயிதிஸ்ஸோலோ ஞாபகம் இருக்க வேண்டும்.

26 வயது பையன்

1961 கடைசியில் மரனெல்லோவில் பெரிய கலகம். தலைமை வடிவமைப்பாளர் கார்லோ கிட்டி, ஜியோட்டோ பிஸ்ஸாரினி உட்பட முக்கியமானவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். பாதி செய்த கார்கள் அப்படியே நிற்கின்றன. என்ஸோ யாரிடம் பொறுப்பைக் கொடுத்தார் தெரியுமா? மௌரோ ஃபோர்கியேரி. வயது 26. காலேஜ் முடித்து வந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

பிஸ்ஸாரினி விட்டுப்போன ஒரு காரை ஃபோர்கியேரி சரிசெய்து முடித்தார். அதுதான் 250 ஜிடிஓ. பெயரில் உள்ள ஓ, இத்தாலிய மொழியில் ஹோமோலகேஷனைக் குறிக்கும், அதாவது பந்தயத்தில் ஓட அனுமதி பெற்ற கார். விதிப்படி 100 கார் செய்திருக்க வேண்டும். இது பழைய 250 ஜிடி-யின் திருத்தப்பட்ட வடிவம்தான் என்று சொல்லி அனுமதி வாங்கிவிட்டார்கள். 1962 முதல் 1964 வரை மொத்தம் செய்தது 36. அதில் ஒன்று 2023-ல் 5 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

அடுத்த காரான 250 எல்எம்-க்கு அதே தந்திரம் பலிக்கவில்லை. இத்தாலிய மோட்டார் சங்கம் தனக்கு ஆதரவாக நிற்கவில்லை என்று என்ஸோவுக்குக் கோபம். இத்தாலியின் சிவப்பு நிறமே வேண்டாம் என்றுவிட்டார். ஆம், அந்தச் சிவப்பு அன்று ஃபெராரியின் நிறம் கிடையாது. பந்தயத்தில் இத்தாலியக் கார்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான நிறம். 1964 கடைசி இரண்டு பந்தயங்களில் ஃபெராரி, நீலமும் வெள்ளையுமாக ஓடியது. அந்த நிறத்திலேயே ஜான் சர்டீஸ் உலக சாம்பியன் ஆனார். நிறம் மாறினாலும் மவுசு மாறவில்லை.

ஃபோர்கியேரி அதோடு நிற்கவில்லை. 1975-ல் அவருடைய 312டி வந்தது. கியர்பாக்ஸைக் குறுக்காக, பின் அச்சுக்கு முன்னால் வைத்தார். எடை காரின் நடுப்பகுதிக்கு நெருங்கியதால் சுழல் நிலைமம் குறைந்து, கார் வளைவில் சட்டென்று திரும்பியது. நிக்கி லௌடா 1975-லும் 1977-லும், ஜோடி ஷெக்டர் 1979-லும் பட்டம் வாங்கினார்கள். 26 வயதில் கிடைத்த நம்பிக்கைக்கு அவர் திருப்பிக் கொடுத்தது இது.

தோற்றாலும் கூட்டம் குறையாது

1979-க்குப் பிறகு அடுத்த டிரைவர் பட்டம் 2000-ல் மைக்கேல் ஷூமாக்கர் வாங்கும் வரை வரவில்லை. 21 வருடம்! வேறு டீமாக இருந்தால் கடையை மூடியிருப்பார்கள். ஃபெராரி மட்டும் 1950 முதல் ஒரு சீசன் விடாமல் ஃபார்முலா 1-ல் ஓடியிருக்கிறது. அப்படி ஓடிய ஒரே அணி அதுதான். அப்பா பார்த்த அணியைத்தான் மகனும் பார்க்கிறான்.

1988 ஆகஸ்ட் 14, என்ஸோ 90 வயதில் இறந்தார். அந்த வருடம் மெக்லாரன் அணியை யாராலும் அசைக்க முடியவில்லை. 16 பந்தயத்தில் 15-ஐ ஜெயித்தது. தோற்ற அந்த ஒன்று எது? என்ஸோ இறந்து நான்கு வாரத்தில், இத்தாலியின் மொன்ஸாவில் நடந்தது. ஃபெராரியின் கெர்ஹார்ட் பெர்கர் முதலிடம், மிக்கேலே அல்போரெட்டோ இரண்டாமிடம். சினிமாவில் வைத்தால் "லாஜிக்கே இல்லை" என்று சிரிப்போம்.

லு மானிலும் இதே கதை. 1965-க்குப் பிறகு வெற்றி இல்லை, 1973-க்குப் பிறகு முதன்மைப் பிரிவில் அணியே இல்லை. 50 வருடம் கழித்து 2023-ல் 499பி காரோடு திரும்பி வந்து முதல் முயற்சியிலேயே ஜெயித்தார்கள். 2024-லும் 2025-லும் அதே கார் ஜெயித்தது.

இல்லை என்று சொல்லும் வியாபாரம்

சந்தை கேட்பதை விட ஒரு கார் குறைவாகச் செய்ய வேண்டும் என்பது என்ஸோ காலத்துக் கொள்கை என்பார்கள். 2024-ல் அறிவித்த எஃப்80 மொத்தமே 799 கார். நான்கு கதவுள்ள புரோசாங்குவே-க்கு நல்ல கிராக்கி இருந்தாலும், அதை மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்த முடிவு செய்தார்கள். பலன்? 2024-ல் வருமானம் சுமார் 668 கோடி யூரோ. அதில் செயல்பாட்டு லாபம் 28 சதவீதம்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது. 2013-ல் அப்போதைய தலைவர் லூக்கா டி மொன்டஸெமோலோ வருடத்துக்கு 7,000-க்குக் கீழேயே விற்போம் என்று வேலி போட்டார். அடுத்த வருடம் அவர் விலகினார். 2015-ல் கம்பெனி நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. இன்று விற்பனை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வருடா வருடம் வளர்ச்சி கேட்கும் பங்குதாரர் ஒரு பக்கம், "கிடைக்காது" என்பதாலேயே மதிப்பு பெறும் பொருள் மறுபக்கம். கயிறு எவ்வளவு தூரம் நீளும்?

அடுத்த சோதனை மின்சாரம். 2025 அக்டோபரில் முதல் முழு மின்சார ஃபெராரியின் சேசியையும் மோட்டாரையும் காட்டினார்கள். 950 ஹெர்ட்ஸ் பாட்டு அதில் கிடையாது. பதிவு செய்த வி12 சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு ஏமாற்றாமல், மோட்டார் அச்சின் நிஜ அதிர்வைச் சென்ஸாரால் பிடித்து, எலெக்ட்ரிக் கிடார் போலப் பெருக்கிக் கேட்க வைக்கிறார்களாம். சத்தம் தேவையிலிருந்து பிறக்க வேண்டும் என்ற பழைய விதியை மீறாமல் இருக்கப் பார்க்கிறார்கள். ரசிகர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பது ரோட்டில்தான் தெரியும்.

நமக்கு என்ன?

மவுசைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. 90 மி.மீ. இடைவெளி, 60 டிகிரி கோணம், 36 கார், 21 வருடப் பொறுமை, விற்க மறுத்த ஒரு விஷயம். கூடவே, மறக்கக் கூடாத சில மரணங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே நோக்கம் கட்டிப்போட்டிருக்கிறது: பந்தயம் முதலில்.

உங்கள் காலேஜில் ஃபார்முலா ஸ்டூடண்ட் அணியோ பாஹா அணியோ இருந்தால், அடுத்த மீட்டிங்கில் இரண்டு கேள்வி கேளுங்கள். "நாம எதை விட்டுக்கொடுக்கவே மாட்டோம்?" இது ஒன்று. "நாம பிடிச்சுக்கிட்டு இருக்கிற டிரம் பிரேக் எது?" இது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் இல்லாத அணிக்கு அடையாளம் கிடையாது. இரண்டாவதைக் கேட்காத அணிக்கு எதிர்காலம் கிடையாது. 26 வயதில் ஒருவர் ஃபெராரியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். நமக்கு அதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் இருக்கு, பாஸ்!

நீங்களே செய்து பாருங்கள்

1. 365 ஜிடிபி/4 என்ற வி12 ஃபெராரியின் கொள்ளளவு என்ன? பெயரிலேயே விடை இருக்கிறது.

2. 296 ஜிடிபி-யில் வி6 என்ஜின். 8500 ஆர்பிஎம்-ல் நொடிக்கு எத்தனை வெடிப்பு?

3. உங்கள் பைக் 6000 ஆர்பிஎம்-ல் ஓடும்போது எத்தனை ஹெர்ட்ஸ்? ஸ்ட்ரோக் அளவைத் தேடிப் பிடித்து, பிஸ்டனின் சராசரி வேகத்தையும் கண்டுபிடியுங்கள். 125 எஸ்-ன் 11.9 மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.

விடைகள்: முதல் கேள்விக்கு 365 × 12 = 4380 சிசி (நிஜத்தில் 4390). இரண்டாவதற்கு 425. மூன்றாவது உங்கள் பைக்கைப் பொறுத்தது. ஒற்றைச் சிலிண்டர் என்றால் 50 ஹெர்ட்ஸ்.

அடுத்த இதழில் சந்திப்போம்!